தரமணியில் அம்மா குரல் கொடுத்தாள்

ஒரு சத்தத்தை எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடுவாள் என் அக்கா நிலா. நாற்காலியில் வைப்பாள், ஜன்னல் பக்கம் வைப்பாள், உங்கள் முதுகுக்குப் பின்னால் வைப்பாள். தரமணியில் அவளுக்கு அதுதான் வேலை. எனக்கு முதலில் இதெல்லாம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. தி.நகரில் பொன்ராஜ் அண்ணாச்சியின் துணிக்கடை வாசலில் நின்று, "வாங்கக்கா, காட்டன் மேல மாடிக்கா" என்று நாள் முழுக்கக் கத்துகிறவள் நான். வாயைத் திறந்தால் சத்தம் வரும், அது எங்கே போய் உட்கார்ந்தால் நமக்கென்ன? இதற்குப் போய் ஒரு படிப்பு, ஒரு ஆபீஸ், அதில் ஒரு ஏசி!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பார்த்தால் சாதாரண மூக்குக்கண்ணாடிதான். காதுக்கு மேலே போகிற கம்பியில் குட்டி ஸ்பீக்கர், மூக்குக்கு மேலே ஒரு குட்டிக் கேமரா. அதை நைனாவுக்கு மாட்டிவிட்டு லேப்டாப்பில் எதையோ தட்டினாள். நைனா சட்டென்று குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். "எவன் வூட்டுக் கோயிடி இது?" என்றார். கோழியும் கிடையாது, குஞ்சும் கிடையாது. அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நஸ்ருன்னிசா அக்கா என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இயர்போன்ல பாட்டு கேட்டா எங்க கேக்குது மணி?" என்று அக்கா என்னைக் கேட்டாள். மண்டைக்குள்ளே என்றேன். "ஏன்னா அதுல சுவரு இல்ல. நீ இங்க பேசுறது சுவத்துல பட்டு, பீரோல பட்டு, தரையில பட்டு கொஞ்சம் லேட்டா என் காதுக்கு வருது. அது வரதே நமக்குத் தெரியாது, ஆனா மூளைக்குத் தெரியும். அத வெச்சித்தான் சத்தம் வெளியிலேர்ந்து வருது, இவ்ளோ தூரத்துலேர்ந்து வருதுன்னு முடிவு பண்ணுது. வேற ரூமோட எதிரொலியைக் கலந்தா மூளை ஏமாறாது. குரல் நேரா மண்டைக்குள்ள ஓடிப் பூந்துக்கும்." அவள் சொல்லச் சொல்ல அம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு, "அப்ப அந்தக் கோயிய கொயம்பு வெக்க முடியாது, அவ்ளோதான?" என்று எழுந்து போய்விட்டாள்.

அம்மாவுக்கு இந்த விஞ்ஞானம் தேவைப்படவில்லை. மந்தைவெளி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி எங்களுக்கு. தெருமுனையில் அம்மாவின் இட்லிக் கடை. அங்கிருந்தே "ஏய் மணீ!" என்று ஒரு குரல் கொடுப்பாள், இந்த வீட்டுத் தட்டு அதிரும். அடிபம்பு பக்கம் நின்று கூப்பிடுகிறாளா, படி ஏறிக்கொண்டே கூப்பிடுகிறாளா, இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நிற்கிறாளா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். அதற்கேற்ற மாதிரி டிவியை அணைப்பேன், துடைப்பத்தைக் கையில் எடுப்பேன். தேசம்மா என்றால் அந்தத் தெருவுக்கே முதலில் குரல்தான், அப்புறம்தான் ஆள்.

அந்தக் குரல் கம்மிப்போனபோது, கடையில் புகை, அதனால்தான் என்று நாங்களே ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டோம். கஷாயம், மஞ்சள் பால் எல்லாம் ஆனது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கும், அதன் வழியாக மூச்சு விடலாம், பேச்சு வராது.

"உசுரு இருக்கும்ல?" என்று கேட்டாள் அம்மா.

"இருக்கும்மா."

"அப்ப எட்து கடாசு சார்," என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள்.

நைனாதான் ஒடிந்துபோனார். மெட்ரோ வாட்டர் லாரி ஓட்டுகிற ஆள், ரோட்டில் யாருக்கும் அடங்காதவர். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "அவ கத்தலன்னா வூட்ல இன்னா கீது நிலா? நா யாருக்குப் பயந்துகினு வூட்டுக்கு வர்றது?" என்றார். எனக்கு அதைக் கேட்டு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அக்கா அந்தப் படிக்கட்டிலேயே முடிவு செய்துவிட்டாள். அம்மாவின் குரலைப் பதிந்து வைத்துக்கொள்வது. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா போனில் தட்டினால் அம்மாவின் குரலிலேயே அது பேசும். "ஆனா போன்லேர்ந்து வரக்கூடாது நைனா. போன்ல வந்தா போன் பேசுற மாதிரிதான் இருக்கும், நீ போனைத்தான் பாப்ப. கண்ணாடி போட்டுக்கினா அம்மா வாயிலேர்ந்தே வரும். நம்ம ஹால்ல, அம்மா உக்காந்திருக்கிற எடத்துலேர்ந்து." நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

முதலில் நைனாவின் காதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். ஒவ்வொருவர் காது மடிப்பும் ஒரு மாதிரியாம், மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்து வருகிறதா என்று மூளை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்குமாம். "காதுல முடி கீதுடி, ஷேவ் பண்ணிக்கினு வரட்டா?" என்று நைனா வெட்கப்பட்டார். அம்மா அடுப்படியிலிருந்து, "ஆமா, மாப்ள பாக்க வர்றாங்க, பண்ணிக்கினு வா!" என்றாள். குரல் கரகரவென்று உடைந்திருந்தாலும் அந்த நக்கல் உடையவில்லை.

அப்புறம் எங்கள் ஹாலை அளக்க வேண்டும் என்றாள். நடுவில் மைக்கை வைத்துவிட்டு அங்கங்கே நின்று பலூனை உடைத்தாள். அந்த ஒரு 'பட்'டென்ற சத்தம் சுவரில் எப்படிப் பட்டு எப்படி அடங்குகிறது என்பதுதான் எங்கள் ஹாலின் கணக்காம். சத்தம் அடங்கும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது. அம்மாவால் அது முடியுமா? ஒவ்வொரு பலூனுக்கும் அவளுக்கு ஒரு பேச்சு இருந்தது. "இன்னாடி, யாருக்குப் பொறந்த நாளு?" "ஏய், பக்கத்து வூட்டுக் கொயந்த தூங்கிக்கினு கீது!" "வெடிச்ச பலூனு இங்க வந்து வியுந்துது பாரு, தோசக் கல்லுல!"

"அம்மா! கொஞ்சம் சத்தம் போடாம இரும்மா!" என்று அக்கா கத்தினாள். அம்மாவின் பேச்சு விழுந்ததையெல்லாம் அங்கேயே அழித்துவிட்டு, புதிதாகப் பலூன் ஊதினாள். பலூன் தீர்ந்தபோது நான்தான் கீழே போய் இன்னொரு பாக்கெட் வாங்கி வந்தேன். அம்மா கடைசியில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். சுத்தமான பதிவு கிடைத்தது.

குரலைப் பதிய அம்மாவைத் தரமணிக்கு அழைத்துப் போக வேண்டும். "அம்மா, வியாழக்கெழமை வந்து குரல் குடுத்துட்டுப் போய்டு," என்று அக்கா சொன்னதில்தான் கூத்து ஆரம்பித்தது. குரல் கொடுப்பது என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று தெருவிலிருந்து கத்திக் கூப்பிடுவது. இன்னொன்று, சினிமாவில் நடிகைக்கு வேறொரு பெண் பின்னாலிருந்து பேசுவது. ஆபீஸுக்குப் போய் யாராவது கத்துவார்களா? ஆகவே இது இரண்டாவதுதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். "எம் பொண்ணு கம்பெனில என்னிய குரல் குடுக்கக் கூப்டுகீறாங்க," என்று இட்லி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

அந்த அறையைச் சொல்ல வேண்டும். சுவர், கூரை, தரைக்கு அடியில்கூட முக்கோணம் முக்கோணமாகப் பஞ்சு. நடக்கிறதுக்குக் கம்பி வலை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் காதை யாரோ பொத்தியது போல இருந்தது. பேசினால் பேச்சு போகிறது, திரும்பி வருவதில்லை. எதிரொலியே இல்லாமல் குரலை எடுத்தால்தான் பிற்பாடு எந்த அறையை வேண்டுமானாலும் அதில் ஒட்டலாம் என்பது அவர்கள் வேலை செய்யும் முறை. அம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். "இன்னாடி மணி, எஞ் சத்தமே எனுக்கு வர மாட்டேன்னுது. செத்துகித்துப் போய்ட்டனா?" என்று குசுகுசுத்தாள். அம்மா குசுகுசுத்து நான் கேட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

திரையில் வாக்கியங்கள் வந்தன. எல்லாம் எழுத்துத் தமிழ். 'எனக்குப் பசிக்கிறது. இன்று வெயில் அதிகமாக இருக்கிறது. நீங்கள் எப்போது வந்தீர்கள்?' அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிச் சதுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவைப் பார்த்து, "'என்ன'ன்னு வந்தா அப்டியே சொல்லணுமா, இல்ல நம்ம மாரி 'இன்னா'ன்னு சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்கிறத அப்படியே படிம்மா. நல்லா, தெளிவா. மெஷினுக்கு நம்ம பேச்சு பழக்கமில்ல," என்றது அக்காவின் குரல் ஸ்பீக்கரில். அக்காவுக்குப் பக்கத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே அக்கா 'கீது' சொல்ல மாட்டாள், 'நைனா' சொல்ல மாட்டாள். அப்பா என்பாள். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அண்ணாச்சி கடையில் நானும் அப்படித்தான் பேசுகிறேன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் கழுவித் துடைத்து எடுத்துக் கொடுத்தாள். 'ழ'வுக்கு நாக்கை எங்கே மடிப்பது என்று தெரியாமல் இரண்டு மூன்று தடவை முயன்று சரியாகச் சொன்னாள். தொண்டை வலிக்க வலிக்க, தண்ணீர் குடித்துக் குடித்துப் படித்தாள். அக்கா நடுவில் போதும் என்றபோதும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எப்டி? படிச்சவ மாரி இல்ல?" என்பதுதான். "சூப்பர்மா!" என்று நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம். ஐயோ, கை தட்டினோம்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறி, கழுத்தில் மெல்லிய துணி கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். எல்லாம் கைஜாடைதான். வீடு அப்படி ஓய்ந்துகிடந்தது. நைனா லாரியை விட்டுவிட்டு வந்ததும் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார், திட்டு விழும் என்று பழகின கால்கள். திட்டு வராது. செருப்பை அவரே ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வருவார்.

அக்கா இரண்டு கண்ணாடிகளோடு வந்தாள். ஒன்றை நைனாவுக்கு மாட்டினாள், மற்றதை எனக்கு. தான் செய்த சத்தத்தைத் தன் காதால் நம்ப முடியாது, இன்னொரு காது வேண்டும் என்றாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒற்றை விரலால் போனில் தட்டினாள்.

"மின்விசிறியைப் போடுங்கள்."

சத்தியமாகச் சொல்கிறேன், அது அம்மாவின் வாயிலிருந்து வந்தது. மண்டைக்குள் இல்லை, போனிலிருந்து இல்லை. கட்டிலிலிருந்து, அம்மாவின் உதட்டிலிருந்து, எங்கள் ஹாலின் சத்தத்தோடு வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நைனா விருட்டென்று எழுந்தார்.

"இதோ போட்டுடறேங்க," என்றார்.

முதலில் நான்தான் சிரித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவை நைனா 'ஏய்', 'தேசு', 'இந்தாமே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவர் வாயில் 'ங்க' வந்தது போலீஸ்காரருக்கும் ஆபீஸருக்கும்தான். ஃபேனைப் போட்டுவிட்டுத் திரும்பினவர் உட்காரவில்லை, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சத்தம் அவ கிட்டேர்ந்துதாம்மா வருது. கரீட்டா வருது. ஆனா அந்தம்மா யாருன்னு தெர்ல," என்றார். என் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

அம்மாவுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, கண்ணாடி அவளிடம் இல்லையே. நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாக ஒரு சொல்லைத் தட்டினாள்.

"இன்னா."

அம்மாவின் 'இன்னா' அது இல்லை. அம்மாவின் 'இன்னா' கீழேயிருந்து கிளம்பி மேலே போய் நம் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு இறங்கும். இது தரையோடு தரையாக வந்தது. எட்டாவதில் எங்கள் தமிழ் டீச்சர், பழைய பாட்டில் 'இன்னா' என்றால் துன்பம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த 'இன்னா'வைத்தான் மெஷின் வாசித்தது. "அதுக்கு அம்மா எப்டிக் கேப்பாங்கன்னு தெரியாது மணி. அது அதக் கேட்டதே இல்ல," என்றாள் அக்கா, நான் சொன்னதைக் கேட்டு.

அதற்குப் பிறகு அக்கா அம்மாவின் நிஜமான பேச்சைத் தேடி அலைந்தாள். வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. அவ்வளவு பெரிய குரல் இருக்கிறவளுக்கு அது எதற்கு? சித்தி மகன் கல்யாண வீடியோவில் ஓர் இடத்தில் அம்மா வாயைத் திறக்கிறாள், மேலே முழுக்க பேண்டு வாத்தியம். போன் கால் எதையும் யாரும் பதிந்து வைக்கவில்லை. பலூன் உடைத்த அன்றைக்கு எடுத்ததில் ஏதாவது மிச்சமிருக்காதா என்று தரமணியில் ஒரு வாரம் தோண்டினாள். எங்கள் ஹால் மட்டும் இருந்தது. 'பட்'டென்று ஒரு சத்தம், அதன் எதிரொலி, அப்புறம் சுத்தமான அமைதி. அதை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அமைதி அது. எனக்கு அக்காவை நாலு அறை அறையலாம் போலிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை, டீ போட்டுக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி கண்ணாடிகளோடு வந்தாள். இருக்கிற குரலையே ஏற்றி, வேகப்படுத்தி, கொஞ்சம் கடுமையாக்கியிருப்பதாகச் சொன்னாள். அம்மா தட்ட, நைனா கேட்டார். செய்தி வாசிக்கிற பெண் கோபப்பட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "இதுவும் நல்லாத்தாங் கீது கண்ணு," என்றார் நைனா. ஆனால் கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்து, மரியாதையாகக் கட்டிலில் வைத்துவிட்டார்.

அம்மா அதை எடுத்துத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள். தனக்கும் கேட்க வேண்டும் என்று ஜாடை காட்டினாள். அவரவர் வாயிலிருந்தே அவரவர் குரலை வைப்பது இதில் வராது என்று, அம்மாவின் கண்ணாடிக்கு மட்டும் எதிரே இருந்த காலி நாற்காலியில் அக்கா அதை வைத்தாள். அம்மா எதையோ தட்டிவிட்டு நாற்காலியைப் பார்த்தாள். கேட்டாள். மறுபடி தட்டினாள், மறுபடி கேட்டாள். எங்கள் கடையில் சில பெண்கள் ட்ரையல் ரூமிலிருந்து வெளியே வந்து கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு நிற்பார்கள். அம்மா அப்படி இருந்தாள். நைனா ஏன் எழுந்து நின்றார், நான் ஏன் சிரித்து நிறுத்தினேன், அக்கா ஏன் இளைத்துப்போனாள் என்பதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது போலிருந்தது. குனிந்து, நிறுத்தி நிறுத்தி, வெகு நேரம் தட்டினாள்.

இன்னொரு கண்ணாடி என் முகத்தில் இருந்தது. அம்மா இருந்த இடத்திலிருந்து, அம்மாவின் வாயிலிருந்து, எங்கள் சுவரில் பட்டு, எங்கள் பீரோவில் பட்டு, ஒரு குறையும் இல்லாமல் அது வந்தது.

"நான் சரியாகப் படிக்கவில்லையா நிலா? என்னால்தான் கெட்டுப்போனதா?"

அக்கா லேப்டாப்பை விட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது. "என்னடி சொன்னாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"தண்ணி வேணுமாம்," என்றேன்.

அடுப்படிக்குப் போய்ப் பானையிலிருந்து மொண்டு கொண்டுவந்தேன். அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டாள். என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், தாகமே இல்லாதவள், அத்தனையையும் குடித்து முடித்தாள்.